புதுப்பிப்பு: நக்கலடித்த அண்ணாவை என்ன செய்தோம்

போன மாதம் எழுதியிருந்தேனே, திறமூல மென்பொருளைத் தமிழாக்கும் எங்கள் தன்னார்வக் குழுவில் பழைய ஆள் ஒருவர் கிண்ணியாத் தங்கச்சி ஒருத்தியின் மொழிபெயர்ப்பை “இதெல்லாம் தமிழா?” என்று எல்லாருக்கும் முன்னால் நக்கலடித்தார் என்று. “உடனே தூக்குங்கள்” என்றீர்கள் பலர். தூக்கவில்லை.

நாங்கள் பின்பற்றுவது 2014இல் கொரலைன் அடா எம்கி தொடங்கிய கொன்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்ற, திறமூலக் குழுக்களுக்கான நடத்தை விதித்தொகுப்பு. அதன் 2.0 பதிப்பில், விதியை மீறுபவர்மேல் எடுக்கும் நடவடிக்கைக்கு நாலு படிகள்: திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை. முதற்படியாகத் தனியே எழுதிச் சொன்னோம். சரி என்றவர், அன்றிரவே அவளுக்கு “நீதானே முறையிட்டாய்?” என்று மெசேஜ் போட்டிருக்கிறார். முறையிட்டவர் யாரென்று வெளியே போகக்கூடாது என்பது விதி, ஆனால் எங்களுடையது சின்னக் குழு, ஊகிக்க ஒரு நிமிடம் போதும், அதை நான் முதலே யோசிக்காதது என் பிழைதான்.

ஆகவே இரண்டு மாதத் தடை. அதுவரை அவளோடும் சரி, முடிவெடுத்த எங்களோடும் சரி, அவர் தனியாகக்கூடத் தொடர்புகொள்ளக் கூடாது. இதில் கூத்து என்னவென்றால், அவர் உப்புவெளியில் எனக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற அண்ணா. நேற்று டைக் வீதிக் கடற்கரையில் எதிரே வந்தார். இதற்கு எந்தப் படி? தலையை மட்டும் ஆட்டினேன், அவர் கடலைப் பார்த்தபடி போய்விட்டார்.

தங்கச்சி திரும்ப வந்துவிட்டாள். இந்தக் கிழமை 40 வரி முடித்திருக்கிறாள்.