மலிவான வார்ப்பிரும்பு விறகடுப்பு: பழைய வீட்டு ஹாலுக்கு எதை வாங்குவது?

குளிர்தாங்கி:

வணக்கம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1900 வாக்கில் கட்டிய வரிசை வீடு ஒன்றைப் போன அக்டோபரில் வாங்கினோம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் கணுக்காலில் சில்லென்று காற்று தடவுகிறது. ஒரு குளிர்காலம் கேஸ் பில்லைக் கட்டிப் பார்த்துவிட்டு, இனி ஹாலையாவது விறகால் சூடாக்கலாம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். ஹாலில் பழைய கணப்பு ஒன்று உண்டு, முன்பு இருந்தவர்கள் பலகை அடித்து மூடியிருந்தார்கள். பிரித்தேன். ஒரு கூடை கரியும் பறவைக் கூடும் தலையில் கொட்டின, மற்றபடி செங்கல் புகைபோக்கி உச்சி வரை இருக்கிறது.

இப்போது என் முன்னால் இரண்டு அடுப்புகள். ஒன்று, இணைய விளம்பரத்தில் வந்த பழைய வார்ப்பிரும்பு அடுப்பு, 8 கிலோவாட், 90 பவுண்ட், விற்பவர் 15 வருடம் பழசு என்கிறார், கதவுக் கண்ணாடியில் விரிசல். இன்னொன்று புதுசு, சீனத்தில் வார்த்தது, பெரிய பெயர் இல்லாத பிராண்ட், 5 கிலோவாட், 480 பவுண்ட். என்னிடம் மொத்தமே 1500 பவுண்ட்தான், அதனால் மனசு 90 பவுண்ட் பக்கம் சாய்கிறது. 8 பெரிதுதானே, வீடே சூடாகுமே? கூட வேலை செய்பவர் வீட்டில் நோய் வந்த ஆஷ் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், விறகு இலவசம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

விறகுக்கட்டு:

தம்பி, அந்த 90 பவுண்ட் அடுப்பை மறந்துவிடுங்கள். நான் பிராட்ஃபோர்டில் இருபது வருடமாக விறகு எரிக்கிறேன், முதலில் செய்த பிழையே இதுதான்.

ஹாலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 14ஆல் வகுத்துப் பாருங்கள். தோராயமாக அத்தனை கிலோவாட் காணும். பழைய வீட்டு ஹால் நாலரைக்கு நாலு, உயரம் 2.6 என்று வைத்தால் கிட்டத்தட்ட 47 கன மீட்டர், கணக்கு 3.3இல் வந்து நிற்கும். அதற்குள் 8 கிலோவாட்டை வைத்தால் அரை மணியில் சட்டையைக் கழற்றுவீர்கள், பிறகு சூடு தாங்காமல் காற்றை அடைப்பீர்கள், காற்றில்லாமல் விறகு புகையும், கண்ணாடி கறுக்கும், புகைபோக்கிக்குள் தார் படியும், அந்தத் தார்தான் ஒருநாள் தீப்பிடிக்கும். சின்ன அடுப்பைச் சுறுசுறுப்பாக எரிப்பதுதான் இரும்புக்கும் நல்லது, புகைபோக்கிக்கும் நல்லது. வீடு முழுக்கச் சூடாகும் என்ற ஆசையையும் விடுங்கள், அது இருக்கிற அறையைத்தான் சூடாக்கும், மிஞ்சினால் மாடிப்படிக்குக் கொஞ்சம் ஏறும். இன்னொன்று, 5 கிலோவாட்டுக்கு மேல் போனால் உங்களுடையது மாதிரிப் பழைய வீட்டிலும் சுவரில் நிரந்தரமாகக் காற்றுத் துளை போட வேண்டும். காற்று அடிக்கிறது என்று அழுகிற வீட்டில் இன்னொரு ஓட்டையா?

அடுத்தது சட்டம். ஷெஃபீல்டில் பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி. 1952 லண்டன் புகைமூட்டத்துக்குப் பிறகு 1956இல் வந்த சட்டத்தின் வழி வந்தது, ஏட்டில் மட்டும் கிடக்கிற சட்டம் இல்லை, புகை விட்டால் கவுன்சில் 300 பவுண்ட் வரை அபராதம் போடலாம். அங்கே விறகு எரிக்க, அரசின் சுற்றுச்சூழல் துறையான டெஃப்ரா அனுமதிக்கிற விலக்குப் பட்டியலில் இருக்கிற அடுப்பு வேண்டும். பழைய அடுப்பு அதில் இருக்க வாய்ப்புக் குறைவு. புது அடுப்பு என்றால் 2022 ஜனவரியில் வந்த, புகைக்கும் திறனுக்கும் வரம்பு வைக்கிற ஈகோடிசைன் விதிக்கும் உட்பட்டதா என்று கேளுங்கள். இரண்டும் தனித்தனி. அடுப்புப் பெட்டியில் ஒட்டியிருப்பதை நம்பாமல் மாடல் எண்ணைப் பட்டியலில் தேடுங்கள்.

கடைசியாகக் காசு. அடுப்பு மலிவு, பொருத்துவதுதான் செலவு. நூறு வருடச் செங்கல் புகைபோக்கிக்குள் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்க வேண்டிவரும். விறகு மட்டும் என்றால் 316 ரகம், புகையில்லாக் கரியும் போடுவேன் என்றால் 904. என் வீட்டில் குழாய், மேல் மூடி, ஆள் கூலி எல்லாம் சேர்ந்து 2000ஐத் தாண்டியது. அடுப்பு 450தான்! 1500இல் எல்லாம் முடிப்பது கஷ்டம், இன்னும் ஒரு வருடம் சேர்த்துவிட்டுச் செய்யுங்கள் என்பேன்.

இட்லிச்சட்டி:

குழாய் பற்றி அண்ணன் சொன்னது சரி. நான் அடுப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சீன வார்ப்பு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், என்னுடையது ஏழாவது குளிர்காலம் ஓடுகிறது. ஆனால் மலிவான வார்ப்பிரும்பு அடுப்பு ஒரே வார்ப்பு கிடையாது, தட்டுத் தட்டாக வார்த்து போல்ட் போட்டு, இடுக்கில் தீச்சிமெண்ட் பூசியிருப்பார்கள். சில வருடத்தில் அந்தச் சிமெண்ட் உதிர்ந்தால் காற்று தானாக உள்ளே போகும், நீங்கள் காற்று வழியை மூடினாலும் தீ அடங்காது. எஃகு அடுப்பில் தகடுகளை வெல்டிங் செய்து இணைப்பதால் இந்தத் தொல்லை குறைவு, சீக்கிரமும் சூடாகும். வார்ப்பிரும்பு நிதானமாகச் சூடேறி, தீ அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் கதகதப்பைத் தரும், நம் தோசைக்கல் மாதிரித்தான். சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும் எரிப்பவருக்கு எஃகு போதும், சனி ஞாயிறு நாள் முழுக்க வீட்டில் இருப்பவருக்கு வார்ப்பிரும்பு.

கடைக்குப் போனால் இருட்டு மூலையில் வைத்து டார்ச்சை உள்ளே போட்டுக் கதவைச் சாத்துங்கள், எங்காவது வெளிச்சம் கசிந்தால் வேண்டாம். கதவு விளிம்பில் இடுக்கை அடைக்கிற கயிற்றைச் சோதிக்க, ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள், சும்மா உருவிக்கொண்டு வந்தால் பிடிமானம் இல்லை. அப்புறம் உதிரி பாகம்! சாம்பல் தட்டி, உள்செங்கல், கண்ணாடி மூன்றும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்காமல் வாங்காதீர்கள். நான் முதலில் வாங்கிய அடுப்பை உடைந்த ஒரு தட்டிக்காகத் தூக்கிப் போட்டேன். விற்ற கடையே அதற்குள் காணாமல் போயிருந்தது.

வேப்பங்குச்சி:

நான் கொஞ்சம் கசப்பாகப் பேசப் போகிறேன். வீட்டில் சின்னப் பிள்ளையோ ஆஸ்துமாக்காரரோ இருந்தால் இந்த வேலையே வேண்டாம். எத்தனை நல்ல அடுப்பானாலும், கதவைத் திறந்து விறகு போடுகிறபோதெல்லாம் நுண்துகள் அறைக்குள் வரும். மருத்துவமனையில் வேலை செய்பவள் என்பதால் சொல்கிறேன்.

அப்புறம் அந்த இலவச விறகு. வெட்டின மரத்தை உடனே எரிக்க முடியாது, பிளந்து அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்றுப் போகிற மாதிரி ஒன்றிரண்டு வருடம் வைக்க வேண்டும், ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். இங்கிலாந்தில் 2021லிருந்து ஈர விறகைச் சிறு அளவில் விற்கவே தடை. அதுவரை பெட்ரோல் பங்கில் விறகுப் பை வாங்கி எரிப்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 4 யூனிட், அடுப்பின் திறன் 75% என்றால் கைக்கு வருவது 3. எங்கள் தெருவில் 10 கிலோ பை 7 பவுண்ட், அதாவது யூனிட் 23 பென்ஸ். கேஸ் அதைவிட மலிவு. முதலில் கதவிடுக்கை அடையுங்கள், பரணில் சூடு வெளியேறாமல் தடுக்கிற பஞ்சு போடுங்கள்.

குளிர்தாங்கி:

எல்லோருக்கும் நன்றி. ஹாலை அளந்தேன், 3.6 வருகிறது, 8 கிலோவாட்டுக்கு வேலையே இல்லை. பிள்ளைக்கு மூன்று வயது, இருமல் கிருமல் எதுவும் இல்லை, இருந்தாலும் வேப்பங்குச்சி அக்கா சொன்னது உறுத்துகிறது. இந்தக் குளிர்காலம் இடுக்குகளை அடைத்துப் பார்ப்போம், ஆஷ் விறகு கொட்டகையில் காயட்டும், அதற்குள் காசும் சேரும் என்று முடிவு. ஒரே ஒரு கேள்வி, பொருத்துகிற வேலையை நானே செய்தால்?

விறகுக்கட்டு:

செய்யலாம், தடையில்லை, ஆனால் கவுன்சிலின் கட்டடப் பிரிவுக்கு முன்கூட்டியே அறிவித்துக் கட்டணம் கட்டி, அவர்கள் வந்து பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். அடுப்பு பொருத்துபவர்களைப் பதிவு செய்கிற ஹெட்டாஸ் அமைப்பில் பதிவு பெற்றவர் செய்தால் அவரே அறிவித்துவிடுவார். வீட்டை விற்கும்போது வக்கீல் முதலில் கேட்கிற காகிதம் அது. நான் கூரை ஏறுகிற வயதைத் தாண்டிவிட்டேன், நீங்கள் எப்படி என்று தெரியாது. யார் பொருத்தினாலும் அடுப்பு இருக்கிற அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம், 20 பவுண்ட்தான். முதல் இரண்டு மூன்று தடவை சின்னத் தீ மட்டும், ஜன்னலைத் திறந்து வைத்து. பெயிண்ட் வேகிற நாற்றம் வரும், பயப்பட வேண்டாம். புகைபோக்கி துடைப்பவரை இப்போதே கூப்பிட்டுவிடுங்கள், அக்டோபரில் கூப்பிட்டால் வரிசை தீபாவளி தாண்டிப் போகும்.