சாலை மழைநீரை உறிஞ்சுகுழியில் விடலாமா?

கேள்வி: சாலையிலிருந்து 6 மீட்டரில் கிணறு. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைக்குக் கீழே 2 மீட்டர் வரை ஏறிவிடும். சாலையில் ஓடிவரும் நீரை 1.5 மீட்டர் ஆழ உறிஞ்சுகுழியில் இறக்கினால் கிணறு கெடுமா?

பதில் 1: கெட வாய்ப்பு அதிகம், வேண்டாம். டயர் தேய்மானத்தின் துத்தநாகம், பிரேக் தூளின் செம்பு, எண்ணெய்க் கசிவு எல்லாம் அந்த நீரில் வரும். பெரும்பகுதியை மேல்மண்ணே பிடித்துக்கொள்ளும். குழி வெட்டினால் அந்த வடிகட்டியையே தாண்டிவிடுகிறீர்கள். குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் நடுவே குறைந்தது 1 மீட்டர் மண் வேண்டும். உங்களிடம் அரை மீட்டர்தான்.

பதில் 2: கிணற்றை விட்டு விலகிச் செல்லும் புல் வாய்க்கால் போடுங்கள். 15 செ.மீ. தேங்கும் பள்ளம், நிதானமான சரிவு. நீர் 48 மணி நேரத்துக்குள் வடிய வேண்டும். வடியாவிட்டால் மேலே வண்டல் அடைத்திருக்கும். விரலில் தேய்த்தால் கறுப்பாக, வழவழவென்று ஒட்டும். மேல் 5 செ.மீ. சுரண்டி எடுங்கள். தயவுசெய்து அதைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள், உலோகம் அதில்தான் சேர்ந்திருக்கும்.

பதில் 1: ஒன்று விட்டுப்போனது. மண்ணின் பி.எச். (அமில, கார அளவு) 6-க்குக் கீழே இறங்கினால், அதாவது மண் அமிலமானால், துத்தநாகம் கரைந்து கீழே போகும். சுண்ணாம்பு சேர்த்துச் சரிசெய்யலாம். உறைபனியை உருக்க உப்புத் தூவும் சாலையென்றால் கதையே வேறு. உப்பிலுள்ள குளோரைடை எந்த மண்ணும் பிடித்துவைக்காது, அந்த நீரை மூடிய வடிகாலில்தான் திருப்ப வேண்டும்.