ஏஐசி மைனஸில் வந்தால் அந்த மாடலையே எடுத்துக்கொள்ளலாமா?

தோப்புக்காரன்:
வணக்கமுங்க. பொள்ளாச்சிப் பக்கம் ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு. ஒவ்வொரு வெட்டுக்கும் எத்தனை காய், எவ்வளவு மழை என்று அப்பா நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறார், 12 வருசம், மொத்தம் 84 வெட்டு, வெட்டுக்கு ஆறாயிரம் காய் சுமார். அந்த வருச மழை, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் தண்ணீர் வந்த நாட்கள், மரத்தின் வயது மூன்றையும் வைத்து, காய் எண்ணிக்கையைக் கணிக்க ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் ரிக்ரெஷன் மாடல் போட்டேன். மாடல்களை ஒப்பிட உதவும் ஏஐசி (AIC) மதிப்பெண் 1349. காய் எண்ணிக்கைக்கு லாக் எடுத்துப் போட்டால் மைனஸ் 108! லாக் இல்லாமல், போன வருச மழையையும் சேர்த்தால் 1231. குறைந்த எண்தான் நல்லது என்கிறார்கள், அப்போ லாக் மாடல்தானுங்களே?

நொய்யல்கரை:
அவசரப்படாதீங்க. மைனஸ் வருவதில் தப்பே இல்லை, ஆனால் அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைக்கவே கூடாது. ஒன்று காயைக் கணிக்கிறது, இன்னொன்று காயின் லாக்கைக் கணிக்கிறது, வள்ளத்தில் அளந்த ராகியையும் தராசில் நிறுத்த ராகியையும் வெறும் எண்ணை வைத்து எது அதிகம் என்று கேட்பது மாதிரி. லாக் மாடலின் ஏஐசியோடு, 84 வெட்டின் லாக் மதிப்புகளையும் கூட்டி அதன் இரண்டு மடங்கைச் சேருங்கள், அப்புறம் ஒப்பிடலாம். ஆறாயிரத்துக்கு லாக் (ஆர் எடுக்கும் இயல் மடக்கை, 10 அடிமானம் இல்லை) 8.7, அதனால் சேர்க்க வேண்டியது உத்தேசமாக 1460. லாக் மாடல் 1350 பக்கம் வந்து நிற்கும், அவ்வளவுதான் அந்த மைனஸின் கதை.

சென்னிமலை:
மூன்றாவது மாடலில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது, அதை யாரும் கவனிக்கவில்லை. மழையும் அதே நோட்டில்தான் என்றால் முதல் வருசத்துக்குப் போன வருச மழை கிடையாது. ஆர் அந்த ஏழு வெட்டையும் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு 77 வரிசையில் ஓட்டியிருக்கும். உங்கள் 1349ஐ 84ஆல் வகுத்துப் பாருங்கள், வரிசைக்கு 16. ஏழு வரிசை போனாலே 112 குறையும், அதற்கு மழை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. முதல் மாடலையும் அதே 77 வரிசையில் ஓட்டிவிட்டுச் சொல்லுங்கள்.

நொய்யல்கரை:
ஆமாங்க, அதை நான் விட்டுவிட்டேன். கூடவே ஒன்று, ஆரில் மாடலைத் தேர்ந்தெடுக்கும் ஸ்டெப் (step) ஃபங்ஷன் அச்சடிக்கும் ஏஐசியும் ஏஐசி ஃபங்ஷன் தருவதும் ஒரே எண் இல்லை, ஸ்டெப் ஒரு மாறிலியை விட்டுவிடும், இரண்டையும் கலக்காதீங்க.

தோப்புக்காரன்:
ஓட்டிப் பார்த்தேனுங்க. லாக் மாடல் திருத்தியதும் 1353, சாதா மாடலை விட நாலு அதிகம். 77 வரிசையில் சாதா மாடல் 1238, போன வருச மழை சேர்த்தது 1231. ஏழு வித்தியாசம் போதுமா? பிஐசி (BIC) என்ற இன்னொரு மதிப்பெண்ணையும் பார்க்கணுமா?

சென்னிமலை:
ஏழு நல்ல வித்தியாசம்தான், இரண்டுக்குள் என்றால்தான் இழுபறி. புதிதாக ஒரு காரணியைச் சேர்த்தால் ஏஐசி 2 அபராதம் போடும், பிஐசி லாக் 77, அதாவது 4.3 போடும், அதைக் கழித்தாலும் உங்கள் மழை நிற்கிறது. டேட்டா கொஞ்சம் என்பதால், அதற்கென்றே திருத்திய ஏஐசியான ஏஐசிசியும் (AICc) பாருங்கள், இங்கே அரைப் புள்ளிகூட மாறாது. காய் முற்றவே ஒரு வருசம் ஆகிற மரம், போன வருச மழை தெரியாமல் இருந்தால்தான் எனக்கு ஆச்சரியம். ஆனால் அடுத்தடுத்த வெட்டுகளின் பிழைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், அதை இந்த மாடல் எதுவும் கணக்கில் எடுக்கவில்லை. ரெசிடியூவலை, அதாவது அந்தப் பிழைகளைப் படம் போட்டு இங்கேயே ஏற்றுங்க, பார்ப்போம்.