நிலவில் இருப்பது பள்ளமா, கிண்ணமா, மங்கா?

வணக்கம். வியாழக்கிழமைக்குள் ‘கிரேட்டர்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். சனிக்கிழமை இரவு வானம் தெளிவாக இருந்தால், வீட்டுப் பின்புறத்தில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நிலா காட்டப் போகிறேன். என்னிடம் இருப்பது 114 மி.மீ. தொலைநோக்கி. அன்று வளர்பிறை நவமி, கோப்பர்னிக்கஸ் என்ற பெரிய கிரேட்டரில் அப்போதுதான் விடியும். கையேட்டில் ‘கிரேட்டர்’ வரும் இடமெல்லாம் ‘பள்ளம்’ என்று போட்டுப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. எங்கள் தெருவில் லாரி போய் விழுவதும் பள்ளம், இதுவும் பள்ளமா? சுற்றிலும் மதில், உள்ளே படிப்படியாகச் சரிவு, நடுவில் குன்றுகள். ‘எரிமலைவாய்’ மட்டும் வேண்டாம். அவை அநேகமாக எல்லாமே விண்கற்கள் மோதி உண்டானவை.
— ஆசிரியை, சுங்கை சிப்புட், மலேசியா

டீச்சர், சொல்லைத் தேடுவானேன்? ‘மதிக்கண் மறு’ என்று 957ஆம் குறளிலேயே இருக்கிறது, 1117இலும் உண்டு. மறு என்றே வையுங்கள். குழிதான் வேண்டுமென்றால், குழி, குளம், குடம், குண்டு எல்லாம் ‘குள்’ என்ற ஒரே வேரில் வந்தவை என்பது என் துணிபு. பழந்தமிழில் குண்டு என்றாலே ஆழம். ‘நிலாக்குண்டு’ எவ்வளவு அழகு!
— ஈப்போ, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, நிலாக்குண்டு என்றால் பிள்ளைகள் நிலாவில் வெடிகுண்டு போட்டார்கள் என்று நினைப்பார்கள். மறுவும் சரிவராது. வள்ளுவர் வெறுங்கண்ணால் பார்த்தது எரிமலைக் குழம்பு பரவி உறைந்த கருஞ்சமவெளிகளை. கலிலியோ 1609இல் தொலைநோக்கியைத் திருப்பிய பிறகுதான் குழிகளும் மலைகளும் துலங்கின. மறுவை அந்தச் சமவெளிகளுக்கே விட்டுவிடலாம்.

என் ஓட்டு ‘கிண்ணக்குழி’க்கு. கிரேக்கத்தில் ‘கிரேட்டர்’ என்ற சொல் மதுவும் நீரும் கலக்கும் பாத்திரம். மலாய்க்காரர்கள் ‘காவா’ என்கிறார்கள், அது விருந்துச் சமையலுக்கு வைக்கிற பெரிய அண்டா. எல்லாருக்கும் அடுப்படிதான் ஞாபகம் வந்திருக்கிறது. ஒரு உறுத்தல் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: கோப்பர்னிக்கஸ் 93 கி.மீ. அகலம், ஆழமோ 4 கி.மீ.கூட இல்லை. கணக்குப்படி அது கிண்ணம் இல்லை, தாம்பாளம். காலை வெயில் சாய்வாக விழுந்து நிழல் நீள்வதால்தான் அவ்வளவு ஆழமாகத் தெரிகிறது. பௌர்ணமியன்று பாருங்கள், நிழலே இருக்காது, எல்லாம் தட்டை. நிஜமாகவே கிண்ணம் மாதிரி இருப்பவை 15 கி.மீ.க்குக் குறைந்த சின்னக் குழிகள்தான்.
— கிள்ளான்

பாத்திரம்தானே வேண்டும்? ‘மங்கு’ இருக்கிறதே, ரப்பர் மரத்தில் பால் பிடிக்கிற கிண்ணம்! நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவுடன் எத்தனை மங்கு துடைத்திருப்பேன். பால் இருக்கிற மங்கில் மழைத்துளி விழுந்தால் சுற்றிலும் வட்டமாக எழும்பி, அடுத்த நொடி நடுவில் ஒரு முளை குதிக்கும். (மழை வந்தால் அன்றைய பால் போச்சு என்று அம்மா தலையில் கை வைப்பார், நான் துளியை வேடிக்கை பார்ப்பேன்.) கோப்பர்னிக்கஸின் நடுக்குன்றும் அப்படித்தானே, மோதிய வேகத்தில் அமுங்கிய தரை திருப்பி எழும்பி உறைந்தது? மங்குக்குழி என்று வையுங்கள், இந்த மண்ணின் சொல்லாக இருக்கட்டும்.
— சுங்கை பட்டாணி

அண்ணே, துளிக்கதை பிரமாதம், பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்கிறேன். ஆனால் இங்கே சுற்றிலும் செம்பனை, என் வகுப்பில் மங்கைப் பார்த்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. அம்மாமார்களுக்கோ மங்கு என்றால் மங்கு சனிதான். ஏற்கெனவே சனிக்கிழமை, அதுவும் நவமி. நான் யார் யாருக்குப் பதில் சொல்வது?

நேற்றிரவு வரை எண்ணியதில் கிண்ணக்குழிக்கு ஐந்து பேர், பள்ளத்துக்கு இரண்டு, மங்குக்கு அண்ணன் ஒருவர். கிண்ணக்குழி, நடுக்குன்று என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். தாம்பாள விஷயத்தை அடியில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறேன்.
— சுங்கை சிப்புட்

கொடுத்தாயிற்றா? கிண்ணமும் குழிவு, குழியும் குழிவு, ஒரு பொருளுக்கு எதற்கு இரண்டு சொல்? போகட்டும். ஆனால் நடுக்குன்று என்று போட யார் சொன்னது? கோப்பர்னிக்கஸில் இருப்பவை முகடுகள். ‘குவடு’ என்று ஒரு நல்ல சொல் இருக்கும்போது
— ஈப்போ

ஐயா, அச்சகத்துக்குப் போய்விட்டது.
— சுங்கை சிப்புட்