பம்பர் கிழிசல், கதவில் ஒடுக்கு: இன்சூரன்ஸ் கிளெய்ம் போடலாமா, கைக்காசா?

கேள்வி:
1197 சிசி பெட்ரோல் ஸ்விஃப்ட், நாலாவது வருஷம். கேட் தூணில் உரசியதில் பின் பம்பர் கிழிந்து, இடப்பக்கப் பின் கதவில் உள்ளங்கை அளவு ஒடுக்கு. சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்: புது பம்பர் 3,000, அதற்குப் பெயிண்டிங் 3,500, கதவு டிங்கரிங் 1,500, கதவு பெயிண்டிங் 3,500. மொத்தம் 11,500. பம்பர் டு பம்பர் கவர் (தேய்மானம் கழிக்காமல் பணம் தருவது) கிடையாது. இப்போது என்.சி.பி. (கிளெய்ம் போடாத வருஷங்களுக்கான பிரீமியம் தள்ளுபடி) 35%. தள்ளுபடிக்கு முந்தைய ஓ.டி. (சொந்த வண்டியின் சேதத்துக்கான) பிரீமியம் 9,000. என்ன செய்வது?

பதில் 1:
முதலில் கைக்கு எவ்வளவு வரும் என்று பாருங்க சார். பம்பர் பிளாஸ்டிக், தேய்மானம் 50%, அதில் 1,500 போச்சு. பெயிண்டிங் 7,000இல் கால்வாசியை மெட்டீரியல் செலவாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், 875. 1500 சிசிக்கு உட்பட்ட கார் என்பதால் கட்டாயக் கழிவு (ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்கும் தொகை) 1,000. மிச்சம் 8,125.

இனி இழப்பு. கிளெய்ம் இல்லையென்றால் அடுத்த வருஷம் 45%, அதற்குப் பிறகு 50%இல் நிற்கும். போட்டால் 0, 20, 25, 35, 45 என்று மறுபடி அடியிலிருந்து ஏறணும். ஐ.டி.வி. (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு) குறையக் குறைய ஓ.டி.யும் இறங்கும், 8,500, 8,000, 7,500, 7,000, 6,500 என்று வைத்தால் 5 வருஷத்தில் 9,475 கூடுதலாகக் கட்டுவீங்க. 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் 11,180. தேர்டு பார்ட்டி பிரீமியத்துக்கும் என்.சி.பி.க்கும் சம்பந்தமில்லை, அதை இதில் சேர்க்காதீங்க.

8,125க்காக 11,180ஐ விடுவது நஷ்டம். பம்பர் டு பம்பர் இருந்திருந்தாலும் 10,500தான் வந்திருக்கும்.

பதில் 2:
மேலே உள்ள கணக்கு சரி, ஆனால் 5 வருஷமும் வேறு கிளெய்மே வராது என்று வைத்துப் போட்டது. அடுத்த வருஷமே பெரிய இடி ஒன்று வந்தால் எப்படியும் என்.சி.பி. பூஜ்யம்தான், அப்போது இன்றைய கிளெய்மால் போவது ஒரு வருஷத் தள்ளுபடி மட்டும், ஜி.எஸ்.டி.யோடு 4,500 சொச்சம். தினமும் நெரிசலில் ஓடும் வண்டி என்றால் இதையும் யோசிக்கணும்.

அதைவிட முக்கியம், பம்பரைக் கழற்றாமல் முடிவெடுக்காதீங்க. உள்ளே பிராக்கெட், பார்க்கிங் சென்சார், டெயில் லேம்ப்பைப் பிடிக்கும் காது எல்லாம் இருக்கு. பம்பர் ஒரு பக்கம் தொங்கினாலோ, லேம்ப்புக்கும் பாடிக்கும் நடுவே இடைவெளி விரிந்திருந்தாலோ பில் ஏறும். 20,000ஐத் தாண்டினால் கிளெய்ம்தான் சரி.

அதனால் இன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் கொடுத்து கிளெய்ம் நம்பர் வாங்குங்க. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்ப்பதற்கு முன்னால் வேலை தொடங்கினால் பணம் வராது. வேண்டாம் என்று முடிவானால் வாபஸ் வாங்கி, மூடியாச்சு என்று மெயில் கேளுங்க. நிலுவையில் கிடந்தால் ரினியூவலில் என்.சி.பி. மறுப்பார்கள்.

பழைய கீறலையும் இதோடு சேர்க்கப் பார்க்காதீங்க. தூண் உரசிய உயரமும் ஒடுக்கின் உயரமும் ஒத்துப்போகுதா, பெயிண்டில் சிமெண்ட் தூசி ஒட்டியிருக்கா என்று சர்வேயர் பார்ப்பார். வேறு சம்பவம் என்றால் வேறு கிளெய்ம், இன்னொரு 1,000 கழிவு.

பதில் 3:
இரண்டு வருஷத்தில் கார் மாற்றும் எண்ணம் இருந்தால் கிளெய்ம் பக்கமே போகாதீங்க. என்.சி.பி. வண்டிக்கு இல்லை, உரிமையாளருக்கு. பழைய காரை விற்கும்போது சான்று வாங்கினால் புதுக் காருக்கு மாற்றலாம். புது வண்டியின் ஓ.டி. 25,000 என்றால் 50% என்பது 12,500. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அதுவும் போய்விடும்.

கைக்காசு என்றால் வெளி டிங்கர் கடையில் விலை கேளுங்க. கிழிசல் ஓரத்தில் மட்டும் என்றால் பிளாஸ்டிக் வெல்டிங் போதும். கிளிப் மாட்டும் இடம் உடைந்திருந்தால் புது பம்பர்தான், ஒட்டினால் நிற்காது.

கதவு ஒடுக்கின் மேலுள்ள கீறலில் நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டவில்லை என்றால் பெயிண்டின் மேலுள்ள கிளியர் கோட் மட்டும்தான் போயிருக்கு, கீறல் பாலிஷில் போகும். பெயிண்ட் உதிர்ந்து தகரம் தெரிந்தால் பம்பரைப் போல விட்டுவைக்க முடியாது. கடற்கரை ஊரில் ஒரு மழைக்காலத்திலேயே துரு ஓரமாகப் பரவி பெயிண்டைத் தூக்கிவிடும். வேலைக்குக் கொடுக்கும் வரைக்கும் பிரைமராவது தொட்டு வையுங்க.