சூப்புக்குப் போட்ட கடலை கல்லாக இருக்கிறது, மைசூர்ப் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. உதவி தேவை

வெள்ளவத்தை மாடிவீடு:
மாமிக்குப் பல் பிடுங்கியிருக்கிறது. இரண்டு கிழமைக்கு மென்மையான சாப்பாடுதான். அதனால் நேற்று தானிய சூப் வைத்தேன். 5 லீற்றர் பிரஷர் குக்கரில் ஒரு சுண்டு கடலை, அரைச் சுண்டு கௌபி, அரைச் சுண்டு பார்லி, இரண்டு பிடி மைசூர்ப் பருப்பு, இரண்டு தக்காளி, உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, முக்கால்வாசிக்குத் தண்ணீர் விட்டேன். கடலையை மட்டும் மூன்று மணித்தியாலம் ஊறவைத்திருந்தேன். மூன்றாவது விசிலில் நுரை பீய்ச்சி அடுப்பெல்லாம் வழிந்தது. அதன்பிறகு விசிலே வரவில்லை. பத்து நிமிடம் பொறுத்து அணைத்தேன். திறந்து பார்த்தால் பருப்பு அடியில் கருகியிருக்கிறது, கடலை பல்லுள்ள எனக்கே கடிபடவில்லை. மாமி அப்பச்சோடா போடச் சொல்கிறார். போடலாமா?

கொட்டாஞ்சேனை அக்கா:
தங்கச்சி, கடலையை விடுங்கள். நுரை வந்தபிறகு விசில் நின்றது என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆவி போகும் துளை அடைபட்டிருக்கும். மூடியைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், துளைக்குள்ளால் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஊசியால் குத்தி எடுத்துக் கழுவுங்கள். ஈர்க்கால் குத்த வேண்டாம், உள்ளே முறிந்துவிடும். இனி இப்படி நடந்தால் உடனே அடுப்பை அணைத்துவிட்டுத் தானாக ஆறும்வரை மூடியில் கை வைக்காதீர்கள்.

பருப்பு, தானியம் எது போட்டாலும் தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. பார்லியும் மைசூர்ப் பருப்பும் நன்றாக நுரைக்கும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும்.

வெள்ளவத்தை மாடிவீடு:
அக்கா, இப்போதுதான் பார்த்தேன். வெளிச்சம் தெரியவே இல்லை! ஊசியால் குத்தினேன், கடலைத் தோல் ஒன்று சுருண்டு வந்தது. கை நடுங்குகிறது. மிக்க நன்றி.

களனிக் கரை:
அப்பச்சோடா பற்றி. மாமி யாழ்ப்பாணம் என்றால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அங்கே நிலத்துக்குக் கீழே சுண்ணக்கல், கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூட. அது கடலையை இறுக்கிவிடும், சோடா இளக்கும். கொழும்புக் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி களனி ஆற்றிலிருந்து வருவது, அந்த அளவுக்குக் கடினமில்லை. ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு சிட்டிகை போதும். கூடினால் சவர்க்காரம் மாதிரி மணக்கும்.

உங்கள் கடலையைக் கெடுத்தது தக்காளி. புளிப்பு சேர்ந்தால் தோல் இளகாது. தக்காளி, புளி, தேசிக்காய் எல்லாம் கடலை அவிந்த பிறகுதான். உப்பைக் குற்றம் சொல்லாதீர்கள். ஊறவைக்கும் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டால் தோல் மென்மையாகத்தான் வரும், நான் எப்போதும் போடுகிறேன்.

கொட்டாஞ்சேனை அக்கா:
எங்கள் அம்மா உப்பைக் கடைசியில்தான் போடுவா. நீங்கள் சொன்னபடி ஒருமுறை செய்து பார்க்கிறேன் தம்பி.

மூன்று மணித்தியாலம் கடலைக்குக் காணாது. எட்டு மணித்தியாலமாவது வேண்டும். ஊறியதா என்று அறிய ஒன்றைக் கத்தியால் பிளந்து பாருங்கள். நடுவில் வெள்ளையாக, சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருந்தால் இன்னும் ஊறவில்லை. ஆனால் கொழும்புப் புழுக்கத்தில் இரவு முழுதும் வெளியே வைத்தால் காலையில் புளித்து நுரை கட்டிவிடும். ஃபிரிட்ஜில் வையுங்கள். அவசரம் என்றால் கொதிதண்ணீர் ஊற்றி மூடி ஒரு மணித்தியாலம் வைத்தாலும் சரி.

புறக்கோட்டைச் சாமான்:
கடலை பழசாகவும் இருக்கலாம். கௌபி இங்கேயே விளைகிறது, கடலை கப்பலில் வருவது. வெக்கையிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் கிடந்தால் எவ்வளவு ஊறவைத்தாலும் இறுகித்தான் இருக்கும். வாங்கும்போது கொஞ்சமாக வாங்குங்கள்.

களனிக் கரை:
வரிசை இப்படி. ஊறிய கடலையும் பார்லியும் முதலில், விசில் வந்ததும் தீயைக் குறைத்து 15 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். திறந்து, ஊறிய கௌபியைப் போட்டு இன்னும் 6 நிமிடம். மைசூர்ப் பருப்புக்குக் குக்கரே தேவையில்லை. கடைசியில் போட்டு மூடாமல் ஒரு கால் மணித்தியாலம் கொதித்தால் கரைந்துவிடும், சூப்பும் தடித்துவரும். தக்காளி அதற்கும் பிறகு.

வெள்ளவத்தை மாடிவீடு:
இன்று அப்படியே செய்தேன். கடலையைப் பாதியாகக் குறைத்து, அரைக் குக்கருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டேன். நுரை வரவில்லை. கடலையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினேன், வெண்ணெய் மாதிரி நசிந்தது. தக்காளி, மிளகு, கறிவேப்பிலை கடைசியில். கௌபித் தோல் மட்டும் மாமியின் ஈறில் ஒட்டுகிறதாம். அதற்கு என்ன செய்யலாம்?

கொட்டாஞ்சேனை அக்கா:
மாமியின் கோப்பையை மட்டும் மத்தால் மசித்து வடித்துக் கொடுங்கள். பல் ஆறும்வரை கௌபிக்குப் பதில் தோல் நீக்கிய பயறு போடுங்கள், அது பருப்போடு சேர்ந்து கரைந்துவிடும்.