கூட்ஸ் யார்டு: பாயிண்ட் தப்பித்தது

பி4 முறையில் (அசல் பாதையின் அளவுகளை அப்படியே சிறிதாக்கும் மாடல் ரயில் முறை) கட்டும் என் சின்ன பிரிட்டிஷ் கூட்ஸ் யார்டு மாடலில், நிலக்கரி வேகன்கள் முதல் பாயிண்டில், அதாவது தடம் இரண்டாகப் பிரியும் இடத்தில், தடம் புரள்கின்றன என்று போன மாதம் எழுதியிருந்தேன். பாயிண்டையே பிரித்துத் திரும்பச் செய்யப்போவதாகவும் சொன்னேன். நல்லவேளை, கை வைக்கவில்லை.

குற்றவாளி சக்கரங்கள். அசல் பாதையின் 4 அடி 8½ அங்குலம், அடிக்கு 4 மி.மீ. கணக்கில் 18.83 மி.மீ. ஆகிறது. ஜோடிச் சக்கரங்களின் உட்புறங்களுக்கு நடுவே 17.75 வேண்டும்; என் வேகன்களில் 17.5தான் இருந்தது. கால் மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பாயிண்டில் சக்கரத்தை வழிநடத்தத் தண்டவாளத்தை ஒட்டி உட்புறம் போடும் செக் ரெயிலின் இடுக்கே 0.7 மி.மீ.க்குள்தான்! சக்கரம் இடித்து மேலே ஏறிவிடுகிறது. ஓஓ என்ற இன்னொரு மாடல் ரயில் முறையில் இடுக்கு அகலம், இந்தத் தொல்லை குறைவு.

சரிசெய்த பிறகும் ஒரு வேகன் மட்டும் அடம்பிடித்தது. அடிச்சட்டம் லேசாக முறுக்கியிருந்ததால் நாலு சக்கரமும் ஒருசேரத் தண்டவாளத்தில் படவில்லை. ஒரு அச்சை மட்டும் நடுவில் தாங்கி, இருபுறமும் அசையும்படி விட்டேன். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது அல்லவா, அதே கணக்கு. நேற்று இருபது தடவை தள்ளிப் பார்த்தேன், விழவில்லை.

அப்புறம், மூன்று வளையச் சங்கிலி இணைப்புகள் பாக்கி. அதற்கு முதலில் என் மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டும்.